ரூபாயோடு கிலோவையும் எழுதினேன்: நான்கு மாத வீட்டுச் சாப்பாட்டுக் கணக்கு

2025 ஜனவரி 1-ஆம் தேதி 100 பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஓரத்தில் ஓட்டை போட்டு, சமையலறை ஆணியில் மாட்டினேன். பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டேன். மனைவிக்கு டிசம்பரில் வேலை மாறி, காலை 8 மணிக்கே கிளம்ப வேண்டியதாகிவிட்டது, அதனால் மளிகை, காய், பால் எல்லாம் வாங்கும் பொறுப்பு என் கைக்கு வந்தது. மதுரையில் இருக்கிறோம், ஐந்து பேர்: நான், மனைவி, அம்மா, 14 வயதில் மகள், 9 வயதில் மகன். மாதச் செலவு எவ்வளவு என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு 14,000 என்று சொல்லியிருப்பேன். ஜனவரி முடிந்து கூட்டிப் பார்த்தபோது 19,565 ரூபாய். கேஸ், சோப்பு போன்றவை எதுவும் இதில் இல்லை, வாயில் போகிறது மட்டும்.

நோட்டில் ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தேன். வீட்டுக்குள் வரும் சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும், 10 ரூபாய் பிஸ்கட் உட்பட, அன்றைக்கே எழுத வேண்டும். பொருள், எடை, ரூபாய் மூன்றும். கூடவே சிங்க் பக்கத்தில் ஒரு பழைய பெயிண்ட் வாளி. சாப்பிடாமல் வீணாகும் பொருள் (தோல், காம்பு, முட்டை ஓடு சேர்த்தி இல்லை) அதில் விழும், இரவில் தூக்குத் தராசில் எடை போட்டு எழுதுவேன். இந்த வாளியைப் பற்றி முதலில் வீட்டில் யாருக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் நான்கு மாதத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஜனவரியில் வாளியில் விழுந்தது 6 கிலோ 400 கிராம். பழுத்துப்போன கீரை, ரசத்துக்கு இரண்டு இணுக்கு கிள்ளிவிட்டு மறந்த கொத்தமல்லி, வழவழப்பு தட்டிய அரை மூடித் தேங்காய், பாக்கெட் தயிரின் அடியில் புளித்த கால் பங்கு, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் சுருங்கிய கேரட். எல்லாமே நல்ல பொருள். நாங்கள் வீணாக்கியதில் அரிசி, பருப்பு அநேகமாக இல்லை, போனதில் பெரும்பங்கு காய், கீரைதான்.

செலவு எங்கே போயிருக்கிறது என்று பார்த்தால், காய்கறிக்கு 4,150, கறி, மீன், முட்டைக்கு 3,080, பிஸ்கட், மிக்சர், நூடுல்ஸ், பிரெட், சாயங்கால பஜ்ஜிக்கு 2,740, இட்லி மாவு பாக்கெட்டுக்கு மட்டும் 810. பருப்பு, பயறு எல்லாம் சேர்த்து 1,120. நொறுக்குத் தீனி பருப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதைப் பார்த்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வளர்கிற பிள்ளைகள் இருக்கிற வீடு இது.

பிப்ரவரியில் வேகமாக இறங்கினேன். மாவில் ஆரம்பித்தேன், ஏனென்றால் கணக்கு அங்கேதான் சுலபம். எங்களிடம் அரிசி வாங்கும் குடும்ப அட்டை இருக்கிறது, ஆனால் பல வருஷமாகச் சர்க்கரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் புழுங்கல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். வெளியில் அதே துவரம் பருப்பை நான் 150-க்கு வாங்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் நிற்க நேரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக இதை விட்டிருந்தோம்.

அந்த அரிசியில் ஒரு விஷயம். அம்மா முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் வேறு நிறத்தில், தண்ணீரில் போட்டால் மிதக்கிற மாதிரி அரிசிகளைத் தனியாகப் பொறுக்கி வைத்திருந்தார். "பிளாஸ்டிக் அரிசியைக் கலந்துட்டாங்கடா" என்றார். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 வைட்டமின் சேர்த்து அரிசி வடிவத்திலேயே செய்து, 100 அரிசிக்கு 1 என்ற கணக்கில் கலக்கிறார்கள். பொறுக்கி எறிந்தால் அந்தச் சத்தைத்தான் எறிகிறோம். அம்மாவுக்கு இதை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது, இப்போது அவரே பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்கிறார்.

மாவுக்கு அளவு: ரேஷன் புழுங்கல் அரிசி 1 கிலோ, உருட்டு உளுந்து 250 கிராம், வெந்தயம் ஒரு ஸ்பூன். நான்கு தண்ணீர் கழுவி, அரிசி ஐந்து மணி நேரம், உளுந்து ஒன்றரை மணி நேரம் ஊற வேண்டும். உளுந்தை முதலில் போட்டு, ஊறவைத்த தண்ணீரையே குளிர வைத்துத் தெளித்துத் தெளித்து ஆட்டினால் பொங்கி வரும். கிட்டத்தட்ட 3 கிலோ மாவு கிடைத்தது. உளுந்து கிலோ 140 ரூபாய், ஆக மொத்தச் செலவு 35 ரூபாய். அதே 3 கிலோ பாக்கெட்டாக வாங்கினால் 135. கிரைண்டர் மோட்டார் 150 வாட்தான், முக்கால் மணி நேரம் ஓடினாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. முதல் இரண்டு தடவை இட்லி கல்லாக வந்தது. பிப்ரவரி இரவில் மாவு பொங்கவில்லை, உப்பையும் முதலிலேயே நிறையப் போட்டிருந்தேன். அப்புறம் கையால் நன்றாக அடித்துக் கலந்து, உப்பைப் பாதியாகக் குறைத்து, அடுப்பு மேடையில் வைத்தேன், சரியாகிவிட்டது. ஏப்ரலில் இதற்கு நேர் எதிர்ப் பிரச்சினை: மதுரை வெயிலில் ஐந்து மணி நேரத்திலேயே பொங்கி வழிந்து புளித்துவிடும். இப்போது சாயங்காலம் 5 மணிக்கு ஆட்டி, படுக்கப் போகும் முன் பிரிட்ஜில் வைத்துவிடுகிறோம்.

எண்ணெய்க்கு ஒரு சின்ன வேலை செய்தேன். 27 கிராம் என்ற அளவை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 உணவு வழிகாட்டியில் பார்த்தேன், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு. ஐந்து பேருக்கு மாதம் 4 கிலோவை ஒட்டி வரும், லிட்டரில் நாலரைக்குள். நாங்கள் ஊற்றியது 7 லிட்டர். காரணம், பாக்கெட்டை வெட்டி நேராகச் சட்டியில் சாய்ப்பது. இப்போது காலையில் ஒரு எவர்சில்வர் தூக்கில் 150 மில்லி அளந்து வைத்துவிடுவேன், அன்றைய சமையல் முழுவதும் அதற்குள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடுதல். அப்பளத்தைச் சுட்டுத் தின்னப் பழகிவிட்டோம்.

கடலை வாங்கிச் செக்கில் ஆட்டினால் மிச்சமாகும் என்று நிறையப் பேர் சொன்னார்கள், அதையும் செய்து பார்த்தேன். 10 கிலோ நிலக்கடலைப் பருப்பு 1,150 ரூபாய், ஆட்டுக்கூலி 100, கிடைத்த எண்ணெய் 4.4 லிட்டர், புண்ணாக்கை 220-க்குக் கொடுத்தேன். லிட்டர் 234 ரூபாய் ஆகிறது. செக்குக் கடையில் 250-க்குக் கிடைக்கிற எண்ணெய்க்கு அரை நாள் அலைச்சல். வாசம் நன்றாகவே இருந்தது, தாளிக்கவும் பொடிக்கு ஊற்றவும் அது தனி ருசிதான், ஆனால் காசு மிச்சம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி முடிந்தது. மொத்தம் 15,900. ஒரே மாதத்தில் 3,600-க்கு மேல் இறக்கிவிட்ட சந்தோஷத்தில் நோட்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பத்து நாளா ரசம், ஊறுகா, அப்பளம்னே ஓடுதே, கூட்டு எங்கடா? புள்ளைகளுக்கு வயிறு நெறஞ்சா மட்டும் போதுமா?" என்று கேட்டார்.

அன்று இரவு உட்கார்ந்து எடைப் பத்தியை முதல்முறையாகக் கூட்டினேன். எழுதிக்கொண்டே வந்தேனே தவிர, அதுவரை ஒருநாளும் கூட்டவில்லை. ஜனவரியில் காய் 54 கிலோ, பிப்ரவரியில் 36. பருப்பு, பயறு 7 கிலோ இருந்தது ஐந்தரையாகியிருந்தது. கறி, மீன் பாதி. அரிசி 26 கிலோ இருந்தது 31 ஆகியிருந்தது. நான் மிச்சம் பிடித்ததாக நினைத்த பணத்தில் பெரும்பகுதி பிள்ளைகளின் தட்டிலிருந்து எடுத்தது, அந்த இடத்தைச் சோறு நிரப்பியிருக்கிறது. மகன் மத்தியானம் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு நாலு மணிக்கே பசி என்று வந்ததற்கு வளர்கிற வயது என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதே வழிகாட்டியில் ஒரு நாள் தட்டுக்கு என்ன வேண்டும் என்று கிராமில் போட்டிருக்கிறார்கள்: தானியம் 250, காய்கறி 400, பழம் 100, பருப்பு, முட்டை, கறி சேர்த்து 85, கொட்டை, விதை வகை 35, பால் 300 மில்லி. 400 கிராம் காய் என்றால் ஐந்து பேருக்கு ஒரு நாளைக்கு 2 கிலோ, மாதம் 60. ஜனவரியில் 4,150 ரூபாய் கொடுத்தும் நாங்கள் அந்த அளவைத் தொடவில்லை. அந்த இரவுதான் வேலையின் திசை மாறியது. மார்ச் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன்: காய் 60 கிலோவுக்குக் குறையக் கூடாது, பருப்பு 10-க்குக் குறையக் கூடாது, பழம் கூட வேண்டும். இதற்குள் நின்று ரூபாயை இறக்க வேண்டும்.

60 கிலோ காயைத் தெருமுனைக் கடையில் வாங்கி முடியாது. எங்கள் வீட்டிலிருந்து அண்ணா நகர் உழவர் சந்தை வண்டியில் பத்து நிமிஷம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பர் 14 அன்று திறந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் பொங்கலுக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தேன். உழவர் அட்டை வைத்திருக்கும் விவசாயிகளே உட்கார்ந்து விற்கிறார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும், அதனால் பேரம் பேசத் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கு ரொம்ப வசதி. முதல் வாரம் விடியற்காலை 6 மணிக்குப் போனேன். நல்ல பிஞ்சுக் காய் அப்போதுதான் கிடைக்கும். அப்புறம் ஒரு சனிக்கிழமை தாமதமாகி 10.30-க்குப் போனபோது, ஒரு அக்கா மிச்சக் கத்தரிக்காயைக் கூறு கட்டிப் போட்டிருந்தார், "எல்லாத்தையும் அள்ளிக்கங்க தம்பி, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று ஒன்றே கால் கிலோவை 20 ரூபாய்க்குக் கொடுத்தார். இப்போது புதன் விடியற்காலை ஒரு தடவை (கீரை, வெண்டை, பீன்ஸ், அவரை), சனி பத்தரைக்கு ஒரு தடவை (பூசணி, சேனை, வெங்காயம், கத்தரி, நாள்பட நிற்கிற எதுவும்). இரண்டு நாளைக்குள் வாடும் காயை முதல் இரண்டு நாளில் சமைத்துவிட வேண்டும், கடைசியில் பூசணியும் சேனையும். கீரை வாங்கிய அன்றைக்கே ஆய்ந்து, கழுவாமல், பருத்தித் துணியில் சுருட்டி வைத்தால் மூன்று நாள் தாங்குகிறது. கொத்தமல்லி வேரோடு டம்ளர் தண்ணீரில் நிற்கிறது. வாளியில் விழுவது பாதியாகக் குறைந்தது இந்த வரிசை மாற்றத்தால்தான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பட்டியல் எழுதிக்கொண்டு காய் வாங்கப் போகும் பழக்கத்தையும் விட்டேன். ஜனவரியில் சாம்பாருக்கு முருங்கைக்காய் என்று எழுதிக்கொண்டு போய், மரம் காய்க்காத பனிக்காலத்தில் ஒரு காயை 20 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன், நோட்டில் நாலு தடவை இருக்கிறது. அதே காய் ஏப்ரலில் கட்டு கட்டாகக் குவிந்து கிடந்தது. சந்தையில் எது குவிந்து கிடக்கிறதோ அதை வாங்கி வந்து, அதற்கு என்ன குழம்பு என்று வீட்டில் யோசிக்கிறோம்.

மார்ச்சில் இரண்டு தவறு நடந்தது. முதலாவது, தக்காளி மலிந்து கிடக்கிறது என்று மொத்த மார்க்கெட்டில் 15 கிலோ பெட்டி 180 ரூபாய்க்குத் தூக்கி வந்தேன். மேல் அடுக்கு செங்காய், அடியில் நன்றாகப் பழுத்தது. நான்காம் நாள் அடியில் தண்ணீர் விட்டு 4 கிலோ போயிற்று. மீதியில் அவசரமாக 3 கிலோ தொக்கு கிண்டினோம், மனைவி கொஞ்சத்தை நாலாகக் கீறி உப்பு தடவி மாடியில் காயவைத்து வற்றலாக்கினார். பெட்டி வாங்குவதென்றால் அன்றைக்கே கொட்டிப் பரப்பி, பழம் தனி, செங்காய் தனி என்று பிரித்து, தொக்குக்கு நல்லெண்ணெய் தயாராக வைத்திருக்க வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஒதுங்காவிட்டால் 3 கிலோவோடு வந்துவிடுவதே லாபம்.

இரண்டாவது பாசிப்பயறு. கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் கிலோவுக்கு 15, 20 ரூபாய் குறைகிறது என்று பிப்ரவரியில் 5 கிலோ வாங்கி டிரம்மில் போட்டு இறுக்கி மூடியிருந்தேன். மார்ச் நடுவில் திறந்தால் பயறில் ஓட்டை, வண்டு. டப்பாவில் வண்டு நுழைந்துவிட்டது என்று நினைத்தேன், அப்படியில்லை. பயறு வண்டு வயலிலேயே முட்டை வைத்துவிடுகிறது, பயறின் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும், நாம்தான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மூடி வைக்கிறோம். முழுப் பயறில்தான் இந்தத் தொல்லை அதிகம், உடைத்த பருப்பில் குறைவு. அம்மா பிறந்த ஊரில் பயறைப் பானையில் கொட்டி மேலே மூன்று விரல் உயரத்துக்கு மணல் பரப்பி வைப்பார்களாம். மாடி வீட்டில் மணலுக்கு எங்கே போவது? இப்போது வாங்கிய வாரமே இரண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறியபின் வசம்புத் துண்டும் மிளகாய் வற்றலும் போட்டு, ஒன்றரை மாதத்துக்கு மேல் எதையும் சேர்ப்பதில்லை. துவரம் பருப்புக்கு மட்டும் மூன்று மாதம்.

புளியில் நல்ல பலன். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது கொட்டையோடு 8 கிலோ வாங்கி, அம்மாவும் மகளும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கொட்டை எடுத்து, கல்லுப்பு கலந்து காயவைத்து ஜாடியில் அடைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு வரும். மிளகாய், மல்லியையும் அதே வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்தோம். மிளகாய் அரை கிலோவுக்கு மல்லி ஒரு கிலோ, துவரை, கடலைப் பருப்பு 100 கிராம் வீதம், மிளகு, சீரகம் 50 வீதம், வெந்தயம் 25, விரலி மஞ்சள் 50. பாக்கெட் சாம்பார் பொடியில் மூன்று ஸ்பூன் போட்ட இடத்தில் இதில் இரண்டு போதுமாயிருக்கிறது, அந்தக் கணக்கை நான் எதிர்பார்க்கவில்லை.

நொறுக்குத் தீனிதான் வீட்டில் சண்டை வந்த இடம். பிஸ்கட்டை ஒரேயடியாக நிறுத்தினேன், மூன்றாம் நாளே மகன் பாட்டியிடம் காசு வாங்கிக் கடைக்குப் போய்விட்டான். அதனால் வாரம் ஒரு பாக்கெட் உண்டு, சனிக்கிழமை சாயங்காலம் டீக்கடை பஜ்ஜியும் உண்டு. மற்ற நாளில் தட்டப்பயறு சுண்டல், அவித்த கடலை, கொண்டைக்கடலை, முளைகட்டிய பயறில் வெங்காயம், மாங்காய் போட்டது, கடலை உருண்டை. கொள்ளு இருவருக்குமே பிடிக்கவில்லை, அதை ரசமாக வைத்துவிடுகிறோம். பசிக்கிற நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாடி சுண்டல் மேசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக இரவில் ஊறப்போடுவது என் வேலை, மறந்தால் மறுநாள் பிஸ்கட் வந்துவிடும்.

கறியில் மாற்றியது கொஞ்சம்தான். மாதம் நாலு ஞாயிறும் ஆட்டுக்கறி அரைக் கிலோ என்பது இரண்டு ஞாயிறாயிற்று, ஒரு வாரம் ஈரல், ஒரு வாரம் மீன். முட்டை 60-லிருந்து 90. மீனில் மத்திதான் எங்களுக்குக் கட்டுபடியாகும், முள் பார்த்துத் தின்ன மகனுக்குக் கற்றுக்கொடுத்தோம். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடலில் 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம், மீன் விலை ஏறிவிட்டது. அந்த நாட்களில் கண்மாய் ஜிலேபி மீன், இல்லாவிட்டால் நெத்திலிக் கருவாடு போட்ட கத்தரிக்காய்க் குழம்பு.

தயிருக்குக் கடையில் பாக்கெட் வாங்குவதை விட்டு, அரை லிட்டர் நீல ஆவின் பாலை 20 ரூபாய்க்கு வாங்கி உறை ஊற்றுகிறோம். பொன்னி அரிசி 26 கிலோ மூட்டை ஒரு மாதம் வந்தது, இப்போது ஒன்றரை மாதம் வருகிறது. (26 கிலோ மூட்டை ஏன் வந்தது என்று பலருக்குத் தெரியாது: 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. ஒரு கிலோ கூட்டிவிட்டால் அது கிடையாது.)

ஏப்ரல் கணக்கு 14,295 ரூபாய். ஜனவரியைவிட 5,270 குறைவு, பிப்ரவரியைவிடவும் குறைவு. ஆனால் நான் முதலில் பார்த்தது பக்கத்துப் பத்தியை. காய் 63 கிலோ, 2,760 ரூபாய்க்கு. ஜனவரியில் கிலோ 77 விழுந்தது இப்போது 44. பருப்பு, பயறு 11 கிலோ, அதற்கு 1,480, ஜனவரியைவிடக் கூடுதலாகவே கொடுத்தேன், வேண்டுமென்றே. பழம் 620-லிருந்து 940: வாழை, கொய்யா, பப்பாளி, வெயிலுக்குத் தர்ப்பூசணி. தீனி 1,150. வாளியில் 2 கிலோ 100 கிராம்.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம் இதற்குப் போகிறது, சந்தைக்கு இரண்டு தடவை, மாவு, ஆய்தல், ஊறவைத்தல். அம்மா இல்லாவிட்டால் இது ஏழாகும். இரண்டு பேரும் வேலைக்குப் போய், பெரியவர்கள் இல்லாத வீட்டில் எல்லாவற்றையும் செய்ய முடியாது. அப்படியானால் எண்ணெய்த் தூக்கு, வாளி, சனிக்கிழமைச் சந்தை, ரேஷன் பருப்பு இந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு மிச்சமானதில் நல்ல பங்கு அதிலேயே வந்தது.

இன்னும் சரியாகாதது தேங்காய். விலை ஏறிக்கொண்டே போகிறது, வாளியில் அரை மூடி இன்னும் விழுகிறது. போன வாரம் உடைத்த அன்றைக்கே முழுவதையும் துருவி, சின்னச் சின்ன டப்பாவில் பிரித்து உறைபெட்டியில் வைத்திருக்கிறோம், சட்னிக்கு இரண்டு நாள் பொட்டுக்கடலை, இரண்டு நாள் வேர்க்கடலை. மே நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன்.